கணுக்கால் மணி

"எனக்குப் பயம் போகவே இல்லையம்மா," என்றார் திருமேனி.

சடைச்சி ஓடையில் இரத்தத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்து எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"அந்தத் துணியை இப்படிக் குடுங்க."

கொடுத்தார். அலசினாள். தண்ணீர் சிவந்தது. வெளுத்தது. தெளிந்து ஓடியது.

"பயம் போக ஒரு வழி சொல்லுவீங்கன்னுதான் அரண்மனையை விட்டுட்டு வந்தேன்."

"ஒரு முனையைப் பிடிங்க, வைத்தியரே. முறுக்கிப் பிழியணும்."

பிடித்தார். அவள் ஒரு பக்கம் முறுக்கினாள். அவர் மறுபக்கம் முறுக்கினார். துணி சொட்டிக்கொண்டே இருந்தது.



*

திருமேனிக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று தலைமுறையாக அரண்மனை வைத்தியம். நாடி பிடித்தால் நோயாளி மறைப்பதையும் சொல்லிவிடுவார். புண்ணைத் தைக்கும்போது கை நடுங்கியதே இல்லை.

சண்டை தொடங்கிய முதல் நாள், களத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் ஒருவன் விழுந்தான். "வைத்தியரே" என்று கத்தினான். திரும்பத் திரும்பக் கத்தினான். திருமேனியின் கால் நகரவில்லை. அவன் ஓய்ந்த பிறகும் நகரவில்லை.

அந்தக் குரல்தான் அவரைச் சடைச்சியிடம் அனுப்பியது.

சடைச்சிக்கு முப்பது வயது இருக்கும். ஆடு மேய்த்தவள். ஆயுதம் இல்லாமல் சண்டைக்குள் போய், விழுந்தவர்களைத் தூக்கி வருகிறவள். அவளுக்குப் பயமே கிடையாது என்று நாடெங்கும் பேசிக்கொண்டார்கள்.

*

இரண்டு குன்றுகள். நடுவே வற்றிய ஏரி. ஏரி நிறைய நாணல், ஆள் உயரத்துக்கும் மேலே.

மூன்று மாதமாக அங்கேதான் சண்டை. எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

நாணலுக்குள் விழுந்தவனை வானம் மட்டும்தான் பார்க்கும்.

சண்டை சற்று ஓய்ந்ததும் ஈட்டிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே நடப்பார்கள். கீழே கிடப்பவன் தங்கள் ஆள் இல்லையென்றால் ஒரே குத்து. இரண்டு படையும் அப்படித்தான் செய்தது.

தூக்குகிறவர்கள் தொடக்கத்தில் ஏழு பேர் இருந்தார்கள். இப்போது சடைச்சியும் வீரணனும். மூன்றாவதாகத் திருமேனி.

தூக்குகிறவர்களின் இடது கணுக்காலில் ஒரு வெண்கல மணி இருக்கும். ஆட்டுக் கழுத்து மணி. சடைச்சியின் ஆடுகளைப் படை தின்றுவிட்டது. மணிகள் மிஞ்சின.

திருமேனி வந்த அன்று அவளே குனிந்து கட்டிவிட்டாள்.

"உள்ளே இருக்கிற வரைக்கும் இது பேசிக்கிட்டே இருக்கணும், வைத்தியரே."

அவ்வளவுதான் சொன்னாள்.

மணி கட்டிய ஆள்மேல் அம்பு விடுவதில்லை என்று இரண்டு படையும் சத்தியம் செய்திருந்தன. இரண்டாம் மாதமே அது தேய்ந்துவிட்டது. எதிர்க்குன்றுப் பாறையில் வில்லாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் நாணல் முழுதும் அசையும். அசைவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஓசையை வைத்து முடியும்.

மணி கேட்ட இடத்துக்கு அம்பு வந்தது.

*

"சத்தியந்தான் போச்சே, இன்னும் மணி எதுக்கு?" என்று திருமேனி வீரணனிடம் கேட்டார்.

வீரணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா கட்டச் சொன்னா, கட்டிக்கிட்டேன். உமக்குத்தான் எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

"காரணம் இல்லாம ஒரு காரியத்தை எப்படிச் செய்யறது?"

"மூணு மாசமா இவங்க சண்டை போடலையா?"

வீரணன் சிரித்தான். திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் ஓர் அம்பு அவர் காதை உரசிக்கொண்டு போயிருந்தது. இறகு தோலில் பட்ட இடம் இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

*

அன்று கிழக்குப் பக்கம் திருமேனியின் பங்குக்கு வந்தது. முதல்முறையாகத் தனியாக.

நாணல் அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நாலு எட்டு வைத்தார். மணி நாலு தரம் ஒலித்தது. நாலும் அவர் நெஞ்சுக்குள் ஒலித்தன.

விர்ரென்று ஒன்று வந்து பக்கத்துத் தண்டைப் பிளந்தது.

உட்கார்ந்துவிட்டார். யோசித்தார். மணி எதிரிக்கான அடையாளம். எதிரி சத்தியத்தை விட்டுவிட்டான். அப்படியானால் இந்த மணியால் யாருக்கு என்ன பயன்?

மடியில் புண்ணுக்கு வைக்கும் பஞ்சு இருந்தது. ஒரு பிடி எடுத்தார். மணியின் வாயில் அடைத்தார்.

எழுந்து நடந்தார்.

ஓசை இல்லை. அம்பு இல்லை. பதினோரு நாளில் முதல்முறையாக அவரால் முழு மூச்சு விட முடிந்தது. பயம் போய்விட்டது என்றுகூட நினைத்தார்.

கிழக்குப் பக்கம் முழுதும் நடந்தார். நின்று நின்று காது கொடுத்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. ஒரு பெரிய புற்று இருந்தது. அதைச் சுற்றிவந்து, குலதெய்வத்தின் பெயரை முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்.

வெளியே வருமுன் பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரும் இல்லையா?" என்று கேட்டாள் சடைச்சி.

"இல்லையம்மா."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

"கிழக்கே சண்டை குறைஞ்சு போச்சு போல," என்றார் திருமேனி.

சடைச்சி கிழக்கு வானத்தைப் பார்த்தாள். கழுகுகள் தாழ்வாகச் சுற்றின.

*

நாலாம் நாள் அவளே கிழக்கே போனாள்.

அவள் மணி போவது நாணல் ஓரத்துக் கூடாரத்திலிருந்து கேட்டது. கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. அவள் முதுகில் கட்டிய துணித் தூளியில் ஒரு தாடிக்காரர் கிடந்தார். தொடையில் ஈட்டிப் புண்.

"காதுல வளையம் கிடக்கு. அந்தப் பக்கத்து ஆளு, அக்கா," என்றான் வீரணன்.

"காலைப் பிடி," என்றாள் சடைச்சி.

படுக்க வைத்தார்கள். திருமேனி குனிந்தார். சீழ் வாடை முகத்தில் அடித்தது. முதல் நாளே தூக்கி வந்திருந்தால் பிழைக்கக்கூடிய புண். இனி மதியம் வரை தாங்கினால் அதிகம்.

பிறகு தாடிக்காரரின் இடது கையைப் பார்த்தார்.

முழங்கைக்குக் கீழே பல் பதிந்திருந்தது. ஒன்றல்ல. மேலும் மேலும், அதே இடத்தில். சதை கிழிந்திருந்தது.

"இது யார் கடிச்சது?"

"நான்தான்," என்றார் தாடிக்காரர்.

"ஏன்?"

"ஈட்டிக்காரன் வந்தான். மூணு நாளும் வந்தான். ஒரு தரம் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்னான். ஏதோ சாமி பேரை முணுமுணுத்தான். முனகல் வெளியே வந்துட்டா குத்திடுவானேன்னு கையைக் கடிச்சுக்கிட்டேன்."

திருமேனியின் கையிலிருந்து ஊசி விழுந்தது.

"இன்னைக்கு மணி கேட்டுது," என்றார் தாடிக்காரர். "அப்பதான் வாயை எடுத்தேன்."

தண்ணீர் கேட்டார். இரண்டு மிடறு குடித்தார்.

"புத்துப் பக்கம் இன்னும் மூணு பேர் கிடக்கோம். சத்தம் போடாதே, சத்தம் போடாதேன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்."

கிடக்கிறார்கள் என்று சொல்லவில்லை. கிடக்கோம் என்றார். தான் வெளியே வந்துவிட்டது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

மதியத்துக்கு முன்பே கண்கள் நிலைத்துவிட்டன.

*

திருமேனி மடியிலிருந்து பஞ்சை எடுத்தார். மணியின் வாய் அளவுக்கு உருண்டு, இறுகிப்போயிருந்தது. சடைச்சியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். அவருடைய காலைப் பார்த்தாள்.

"எத்தனை நாள்?"

"மூணு."

அவள் கூடாரத்துக்குப் பின்னால் போனாள். தண்ணீர் வாரி முகத்தில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது தூளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"திட்டிடுங்கம்மா," என்றார் திருமேனி.

"நேரம் இல்லை."

"நானும் வரேன்."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். பத்து விரலும் பத்து விதமாக ஆடின.

"நீங்க இருங்க. வர்றவங்களைத் தைக்க ஆள் வேணும்."

"உங்களுக்குப் பயமே கிடையாதா?" ஐம்பத்திரண்டு வயது மனிதர் அழுதார். "கொஞ்சம்கூடக் கிடையாதா? எப்படிம்மா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சடைச்சி வாசலில் நின்றாள். திரும்பி வந்தாள். இடது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"பெண்ணுக்கு நாடி இடக்கையிலதானே?"

திருமேனி மூன்று விரலை வைத்தார்.

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. ஆடு தண்ணீர் குடித்து முடிப்பதற்காகக் காத்திருப்பவள்போல நின்றாள். ஆனால் விரல்களுக்குக் கீழே வலையில் விழுந்த முயல் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எகிறியது, முட்டியது, வழி தேடியது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு நாடியை அவர் தொட்டதில்லை. அவருடையதுகூட இவ்வளவு வேகமாக ஓடியிருக்காது.

"எப்பவுமே இப்படியா?"

"கட்டுற நேரத்துல இருந்து, அவிழ்க்கிற வரைக்கும்."

கையை உருவிக்கொண்டாள்.

மணி ஒலிக்க ஒலிக்கப் போனாள்.

*

வீரணன் மேற்கே போயிருந்தான். கூடாரத்தில் திருமேனி தனியாக இருந்தார். ஊசிகளைக் கொதிநீரில் போட்டார். நூலை அறுத்து அறுத்து வைத்தார். காது மட்டும் நாணலில் இருந்தது.

அவள் மெதுவாகப் போகவில்லை. பதுங்கவில்லை. காலை ஓங்கி ஓங்கி வைத்தாள் போலிருந்தது. மணி எதிர்க்குன்றுவரை கேட்கும்படி ஒலித்தது. மூன்று நாள் பேசாமல் இருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசியது.

பாறையில் வில்கள் விழித்துக்கொண்டன.

முதல் ஆளைத் தூளியில் இழுத்துக்கொண்டு நாணல் விளிம்புக்கு வந்தாள். வைத்துவிட்டு, நிற்காமல் திரும்பினாள். திருமேனி ஓடிப்போய்த் தூக்கி வந்தார். அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

தைத்தார். கை நடுங்கவில்லை. மணி கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நின்றது.

ஊசி பாதித் தையலில் நின்றது.

காற்று. நாணல். எங்கோ ஒரு தவிட்டுக்குருவி.

திருமேனி எண்ண ஆரம்பித்தார். தூளியை விரிக்க இவ்வளவு நேரம். ஆளைப் புரட்ட இவ்வளவு நேரம். கட்டுப்போட இவ்வளவு. தண்ணீர் கொடுக்க இவ்வளவு. எல்லாக் காரியத்துக்கும் நேரம் கொடுத்துப் பார்த்தார். இன்னும் ஒலிக்கவில்லை.

ஒலித்தது.

எழுந்து நின்றுவிட்டார். ஆனால் ஓசை நடையின் ஓசையாக இல்லை. இரண்டு தரம் வேகமாக. பிறகு இல்லை. பிறகு இழுத்து இழுத்து ஒன்று. காலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தார். நொண்டுகிறாள். வருகிறாள். பரவாயில்லை, வருகிறாள்.

விளிம்புக்கு ஓடினார்.

நாணல் பிரிந்தது. தரையோடு தரையாக.

ஒரு மனிதர் ஊர்ந்து வந்தார். இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு. மணியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அது தாடைக்குக் கீழே ஒலித்தது.

திருமேனி அவருக்குப் பின்னால் பார்த்தார். நாணல் மூடிக்கொண்டது.

"அம்மா எங்கே?"

அவர் வாயைத் திறந்தார். மணி விழுந்தது.

"என்மேல படுத்துக்கிட்டாங்க. அம்பு வந்துக்கிட்டே இருந்துது. எல்லாம் அவங்க முதுகுல. என்மேல ஒண்ணும் படலை."

"அப்புறம்?"

"அவங்களே காலை மடக்கி இதை அவிழ்த்தாங்க. வாயில வச்சுக்கிட்டுப் போ, விட்டுடாதேன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட இல்லை. புத்துக்கு அந்தாண்ட இன்னொருத்தர் கிடக்கார். அவர்கிட்டதான் சத்தமா சொன்னாங்க. மறுபடி மணி கேக்கும், அப்ப கூப்பிடு, அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னு."

*

திருமேனி அவரைக் கூடாரத்தில் கிடத்தினார். காயத்தை இறுக்கிக் கட்டினார். பாதியில் விட்ட தையலை முடித்தார். எல்லாம் முறைப்படி செய்தார்.

பிறகு உட்கார்ந்து சடைச்சியின் மணியைத் தன் வலது கணுக்காலில் கட்டினார். கயிற்றில் பல் தடம் ஈரமாக இருந்தது.

தன் கையிலேயே மூன்று விரலை வைத்துப் பார்த்தார்.

முயல் இருந்தது.

விரலை எடுத்துவிட்டு நாணல் விளிம்பில் போய் நின்றார். உள்ளே இருட்டாக, பச்சையாக, வாய் திறந்து இருந்தது. முதல் நாள் களத்தின் விளிம்பில் நின்ற அதே கால்கள்.

மணி ஒலித்தது.

அதைக் கேட்டுத்தான் தன் கால் நகர்ந்தது அவருக்குத் தெரிந்தது.

*

இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டு மணி.

முதல் அம்பு தலைக்கு மேலே போயிற்று. அடுத்தது முன்னால் விழுந்து ஆடியது. பல்லைக் கடித்தார். கடித்ததும் அந்தத் தாடிக்காரரின் கை நினைவு வந்தது. வாயைத் திறந்துகொண்டு நடந்தார்.

நாணல் மிதிபட்டுக் கிடந்த ஒரு வட்டத்தில் சடைச்சி இருந்தாள். குப்புற. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. முதுகைப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிவிடுவார்.

வழக்கத்தால் குனிந்தார். இடக்கை. மூன்று விரல்.

முயல் இல்லை.

அவள் தோளிலிருந்து தூளியை உருவிக்கொண்டார். ஒரு நொடி அங்கேயே படுத்துவிடத் தோன்றியது. படுத்தால் அம்பு மேலே போய்விடும். படுத்தால் மணியும் பேசாது.

நடந்தார்.

புற்று வந்தது. அதைச் சுற்றி அந்தாண்டை போனார். நின்றார்.

நாணல் மட்டும்தான் இருந்தது. மூன்று நாள் கேட்ட அதே அமைதி. அப்போது அதை யாரும் இல்லாத இடத்தின் அமைதி என்று நினைத்திருந்தார்.

மணிகளும் நின்றுவிட்டதை உணர்ந்தார். வலது காலை உதறினார். இடது காலை உதறினார். புற்றில் ஓர் அம்பு வந்து செருகியது. மண் பொடி கன்னத்தில் தெறித்தது. மறுபடி உதறினார். வயதான கூத்தாடி ஒருவன் ஆட்டம் மறந்து குதிப்பதுபோல, அழுதுகொண்டே, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் அடித்தார்.

இடப்புறம், ஒரு முழம் தள்ளி, காய்ந்த தொண்டை ஒன்று கேட்டது.

"சடைச்சியா?"

"ஆமா," என்றார் திருமேனி. "வந்துட்டேன்."